பருப்புக்கீரையா, சாரணையா? பறிக்கும் முன் பார்ப்போம்



மழை பெய்து நாலு நாள் கழிந்தால் போதும். வெங்காயப் பாத்தியிலும், வீட்டு வாசல் ஓரத்திலும், பள்ளிக்கூட மைதானத்திலும், பூந்தொட்டியிலும் கூட தரையோடு தரையாக ஒரு செடி படர்ந்துவிடும். தண்டு சிவந்து உருண்டு இருக்கும். இலை தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். களை எடுக்கப் போகும் நம்மில் பாதிப் பேர் அதைக் கொத்தி வரப்பில் எறிகிறோம். மீதிப் பேர் மடியில் கட்டிக்கொண்டு வந்து பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கிறோம். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே செடிதானா என்று கேட்டால், பல நேரம் இல்லை என்பதுதான் பதில்.

கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் கீரை விற்கும் உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். "நாங்க பருப்புக்கீரைன்னு விக்கிறதை, வாங்குறவங்க இது சாரணைன்னு திருப்பித் தர்றாங்க. எது சரி?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வி வியாபாரத்தோடு முடிவதில்லை. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், சிறுநீரகக் கல் உள்ளவர் இருந்தால், தவறான செடி சட்டியில் விழுவது சின்ன விஷயம் ஆகாது. அதனால் இந்த இதழின் பாடமாக இந்தச் செடியையும், அதைப் போலவே தோன்றும் மற்றச் செடிகளையும் எடுத்துக்கொண்டோம்.

பெயரை நம்ப வேண்டாம்

முதலில் ஒரு தொந்தரவைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கீரைக்கு ஊருக்கு ஒரு பெயர். பருப்புக்கீரை, கோழிக்கீரை, தரைக்கீரை என்று நாமே பல பெயரில் அழைக்கிறோம். ஆந்திராவில் கங்கபாவிலி கூர, கேரளத்தில் கொழுப்ப, வடக்கே குல்பா. இது போதாது என்று, நிமிர்ந்து வளரும் வேறு ஒரு கீரையையும் சில ஊர்களில் பருப்புக்கீரை என்றே சொல்கிறார்கள். ஆகவே "எங்க ஊர்ல இதுதான் பருப்புக்கீரை" என்று இரண்டு பேர் வாதாடினால் இருவரும் சரியாகவே இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுச் செடியைப் பார்ப்பதுதான் வழி.

நாம் இங்கே பேசும் செடிக்குத் தாவரவியல் பெயர் போர்ச்சுலாகா ஒலரேசியா. சாரணைக்கு டிரையாந்திமா போர்ச்சுலாகாஸ்ட்ரம். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஆண்டு 1753. சாரணையின் பெயரில் இருக்கும் 'போர்ச்சுலாகாஸ்ட்ரம்' என்ற சொல்லுக்குப் போர்ச்சுலாகாவைப் போல இருப்பது என்று பொருள். பெயர் வைத்த காலத்திலேயே இந்த இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்திருக்கின்றன. அப்படி இருக்க, உச்சி வெயிலில் குனிந்து களையெடுக்கும் நமக்குக் குழப்பம் வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டேபிள் ரோஸ் என்று தொட்டியில் வளர்க்கிறோமே, அதுவும் பருப்புக்கீரையின் சொந்தக்காரச் செடிதான். அந்தத் தண்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பருப்புக்கீரைத் தண்டு எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்த மாதிரி.

முதல் சோதனை: ஒடித்துப் பாருங்கள்

எந்தத் தரைச் செடியாக இருந்தாலும் பறிக்கும் முன் ஒரு கிளையை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது பருப்புக்கீரை கிடையாது. இதில் விதிவிலக்கே இல்லை. பருப்புக்கீரைத் தண்டை ஒடித்தால் தண்ணீர் போலத் தெளிவான சாறு மட்டும்தான் கசியும்.

பால் வரும் தரைச் செடிகளில் நாம் அதிகம் பார்ப்பது சித்திரப்பாலாடை. தட்டு விரித்தது போல வட்டமாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். தூரத்தில் பார்த்தால் சின்னப் பருப்புக்கீரைதான். கிட்டே போனால் தண்டு நூல் போல மெலிந்து, கம்பி மாதிரி இருக்கும். இலையும் மெல்லியது. இதன் பால் தோலில் பட்டால் சிலருக்கு எரியும், கண்ணில் பட்டால் நிச்சயம் எரியும். களையெடுத்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, எரிச்சல் நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

"அம்மான் பச்சரிசியிலும் பால் வருதே, அதைச் சமைக்கிறாங்களே" என்று கேட்பீர்கள். அது வேறு செடி, அதை அறிந்தவர்கள் அதற்குரிய முறையில் பயன்படுத்துகிறார்கள். பருப்புக்கீரை என்று நினைத்துப் பால் வரும் செடியைச் சமைப்பது வேறு கதை.

சாரணைதான் உண்மையான சிக்கல்

சித்திரப்பாலாடையை ஒரு ஒடிப்பில் கண்டுபிடித்துவிடலாம். சாரணை அப்படி இல்லை. ஒடித்தால் பால் வராது. தண்டு சதைப்பற்றாக இருக்கும், சில செடிகளில் சிவந்தும் இருக்கும். பருப்புக்கீரை முளைக்கும் அதே பாத்தியில், அதே மழைக்கு, பக்கத்திலேயே முளைக்கும். கைப்பிடியாக அள்ளினால் இரண்டும் சேர்ந்தே வரும். கீரைக் கட்டில் கலப்பு வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இலையில் தொடங்குவோம். சாரணையில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். அந்த ஜோடியைக் கவனியுங்கள்: ஒரு இலை பெரிதாக, மற்றது சின்னதாக இருக்கும். அக்கா தங்கை மாதிரி. இலை அகலமாக, நுனி வட்டமாக இருக்கும், இலைக்குத் தெளிவான காம்பு உண்டு. காம்பின் அடி அகன்று, மெல்லிய தோல் போலத் தண்டைத் தழுவி இருக்கும். நகத்தால் நெம்பினால் அந்தப் பை போன்ற இடம் தெரியும்.

பருப்புக்கீரையில் காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலை நேராகத் தண்டில் உட்கார்ந்திருக்கும். அடியில் குறுகி நுனியில் அகன்று, சின்ன அகப்பை போல வடிவம். தொட்டால் சதை, வளைத்தால் பட்டென்று ஒடியும். தண்டில் இலைகள் முன்னும் பின்னுமாக மாறி மாறி வரும், சில இடத்தில் எதிரெதிராகவும் தெரியும். கிளை நுனியில் மட்டும் நாலைந்து இலை கூடி ஒரு தட்டு போல இருக்கும்.

அந்தத் தட்டின் நடுவில்தான் பூ. மஞ்சள் நிறம், பெரும்பாலும் ஐந்து இதழ். வெயில் ஏறும் காலை நேரத்தில் விரியும், மதியத்துக்குள் மூடிவிடும். பூவை வைத்துச் சோதிக்க நினைப்பவர்கள் காலை ஒன்பது பத்து மணிக்குப் போக வேண்டும். மாலையில் போய் "பூவே இல்லையே" என்று சொல்லக் கூடாது. சாரணையின் பூ மஞ்சளாக இருக்காது. வெளுத்த இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. அதுவும் கிளை நுனியில் வராது, இலைக் காம்பின் அடியில் அந்தப் பைக்குள் ஒற்றையாகப் புதைந்து கிடக்கும். தேடினால்தான் கண்ணில் படும்.

காயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பருப்புக்கீரையின் காய் குங்குமச் சிமிழ் மாதிரி. முற்றியதும் மேல் மூடி கழன்று விழும், உள்ளே கருப்பு விதைகள் பொடி போலக் கிடக்கும். இதைச் சொல்லி அடையாளம் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் சாரணைக் காய்க்கும் மூடி உண்டு. மூடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் விதையைப் பாருங்கள். பருப்புக்கீரை விதை கேழ்வரகை விடப் பொடி, ஒரு காயில் நிறைய இருக்கும். சாரணை விதை கடுகு அளவு, சிறுநீரக வடிவம், மேலே சுருக்கம், ஒரு காயில் சிலவே.

மூக்கிரட்டையையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அதன் தண்டு சதைப்பற்று இல்லாதது, இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், காய் சேலையில் ஒட்டும். அதுவும் உண்ணும் கீரைதான். ஆனால் பருப்புக்கீரை என்று சொல்லி விற்கக் கூடாது.

செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது போனில் இருக்கின்றன. பிள்ளைகள் அதைக் காட்டிச் சொல்வார்கள். விசாரிக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் பூ இல்லாத சின்னச் செடியின் படத்தை வைத்து அது சொல்லும் பெயரை நம்பி அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஒடித்துப் பார்ப்பதையும், இலை ஜோடியை அளப்பதையும் போன் செய்யாது.

சாரணை கலந்தால் என்ன?

சாரணை விஷம் என்று பயமுறுத்த நாங்கள் விரும்பவில்லை. அதன் இளந்தளிரைப் பல ஊரில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். முற்றிய இலை வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்பது பழைய மூலிகைக் குறிப்புகளில் வருவது. அதைவிட முக்கியம், சாரணை வேரைக் கருவைக் கலைக்கும் சரக்காக நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணம் போதும், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்தச் செடி கலந்த கட்டு நுழையக் கூடாது. வேர் வேறு, இலை வேறு என்று வாதம் செய்து பார்க்கும் இடம் இது கிடையாது. பருப்புக்கீரையாகவே இருந்தாலும், கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுவிட்டு, மற்றக் கீரைகளோடு எப்போதாவது அளவாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாரணையும் பருப்புக்கீரையும் எடையில் ஒன்றுதான், கட்டு சீக்கிரம் நிறையும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு தடவை வயிறு கெட்டால் அந்தத் தெருவே நம்மிடம் வாங்காது. பறிக்கும்போதே இரண்டு கூடையாகப் பிரித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பிரிக்கலாம் என்றால் நடக்காது. வாடிய பிறகு இரண்டும் ஒரே மாதிரி துவண்டு கிடக்கும்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது

செடி சரியாக இருந்தாலும் இடம் தவறாக இருக்கலாம். களைக்கொல்லி அடித்த வயலில் ஒரு இலை கூடப் பறிக்கக் கூடாது. மக்காச்சோளக் காட்டில் அட்ரசின், கரும்பில் டூ-ஃபோர்-டி என்று அடிக்கிறார்கள். கிளைபோசேட் மருந்தை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை போட்டது. ஆணை ஒரு பக்கம் இருக்க, யார் வயலில் எந்த டப்பா திறக்கப்பட்டது என்று கூலிக்குப் போகும் நமக்குப் பல நேரம் தெரிவதில்லை. கேளுங்கள். "என்ன மருந்து அடிச்சீங்க, எப்ப அடிச்சீங்க" என்று கேட்பது நம் உரிமை. பதில் சரியாக வராவிட்டால் கீரை பறிக்க வேண்டாம். மருந்து அடித்த செடி உடனே வாடிவிடாது, பார்க்கப் பச்சையாகவே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

சாக்கடை ஓரம், குப்பை மேடு, சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், பெரிய சாலை ஓரம், இவையும் வேண்டாம். பருப்புக்கீரை மண்ணில் உள்ள உப்பையும் உலோகக் கழிவையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. நல்ல இடத்தில் சத்தை இழுக்கும் செடி, கெட்ட இடத்தில் கெட்டதையும் இழுக்கும்.

இரத்தசோகை பற்றி நேராகப் பேசுவோம்

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பத்து பேர் உட்கார்ந்த நம் குழுக்கூட்டத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்ன உடனே "கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று முடித்துவிடுகிறோம். அப்படி முடியாது. பருப்புக்கீரையில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் ஆக்சலேட் என்ற பொருளும் அதிகம். சத்து முழுவதும் உடம்பில் சேர அது விடாது. எலுமிச்சைச் சாறு பிழிந்து, நெல்லிக்காய் சேர்த்துச் சாப்பிட்டால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் குறையும். எப்படிப் பார்த்தாலும் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு இந்தக் கீரை மாற்று ஆகாது. மாத்திரையை விட்டுவிட்டுக் கீரை சாப்பிடாதீர்கள், இரண்டையும் சாப்பிடுங்கள்.

அதே ஆக்சலேட்தான் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்கள் இந்தக் கீரையைத் தவிர்க்க வேண்டும். இதில் பொட்டாசியமும் அதிகம் என்பதால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் போதும். வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். தயிர் சேர்த்துப் பச்சடியாகச் செய்தாலும் குறையும், ஏனென்றால் தயிரில் உள்ள சுண்ணாம்புச்சத்து அதைப் பிடித்துக்கொள்கிறது.

வாட்ஸ்அப்பில் "மீனுக்குச் சமமான கீரை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இந்தக் கீரையில் இருப்பதை 1986-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கீரைகளில் இது அரிது. ஆனால் கீரையில் இருப்பது ஒரு வகை, மீனில் இருப்பது வேறு வகை. கீரையில் உள்ளதை நம் உடம்பு மீனில் உள்ளது போல மாற்றிக்கொள்வது மிகச் சிறிய அளவில்தான். மத்தி மீன் வாங்கும் காசை மிச்சம் பிடிக்க இந்தச் செய்தியைக் காரணம் காட்டாதீர்கள்.

காலைப் புளிப்பு

பாட்டிமார்கள் ஒன்று சொல்வார்கள்: "காலைல பறிச்சா புளிக்கும், சாயங்காலம் பறிச்சா புளிக்காது." இது சும்மா சொன்ன பேச்சு இல்லை. தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் இந்தச் செடி பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். எடுத்த காற்றைப் புளிப்பான அமிலமாக இரவு முழுவதும் சேர்த்து வைக்கும். பகல் வெயிலில் அதைச் செலவழித்துவிடும். ஆகவே வறட்சிக் காலத்தில் விடியற்காலைக் கீரை புளிக்கும், மாலைக் கீரை புளிப்பு குறைந்து இருக்கும். ஈரம் உள்ளபோது கரும்பும் சோளமும் உணவு தயாரிக்கும் முறை, காய்ச்சலில் கள்ளிச்செடியின் முறை, இரண்டையும் ஒரே செடி ஒரே இலையில் நடத்துகிறது. 2022-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த இரண்டு வேலையும் ஒரே உயிரணுக்களுக்குள் இணைந்தே நடக்கிறது என்று காட்டினார்கள். மழை பொய்த்த வருடத்திலும் இந்தக் களை மட்டும் பச்சையாக நிற்பதன் காரணம் இதுதான்.

களையாக வந்தால்

கீரையாகப் பிடிக்காதவர்கள், வெங்காயம் போட்டவர்கள், இதை ஒழிக்கத்தான் நினைப்பார்கள். அவர்களுக்கும் செடியை அறிவது உதவும். கொத்திப் பாத்தியிலேயே போட்டால் இது சாகாது. தண்டில் உள்ள ஈரத்திலேயே பல நாள் உயிரோடு கிடக்கும், ஒரு தூறல் விழுந்தால் துண்டுத் தண்டும் வேர் விடும். பூத்த செடியைப் பிடுங்கிப் போட்டால் கிடந்தபடியே விதையும் முற்றும். மண்ணுக்குள் போன விதை பல வருடம் முளைக்காமல் காத்திருக்கும். எனவே பூக்கும் முன் எடுங்கள், எடுத்ததைக் கூடையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். கோழிக்குப் போடலாம், விரும்பிக் கொத்தும். ஆடு மாடுகளுக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். பசித்த மாட்டை சாரணையோ பருப்புக்கீரையோ அடர்ந்த இடத்தில் கட்டிப்போட வேண்டாம், ஆக்சலேட்டும் நைட்ரேட்டும் கால்நடைக்கும் ஆகாது.

வளர்க்க நினைப்பவர்கள் நல்ல இடத்துச் செடியில் விதை எடுத்து, பாத்தியில் மேலாகத் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. அடித்தண்டு இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். தரையில் கிடக்கும் கீரை என்பதால் மண் அதிகம் இருக்கும், மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வேலை

ஒவ்வொரு குழுவிலும் நாலு பேர் தங்கள் இடத்தில் கிடைக்கும் தரைச் செடிகளை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள். பெயர் சொல்லாமல் நடுவில் வையுங்கள். ஒவ்வொருவராக எடுத்து ஒடித்துப் பார்த்து, இலை ஜோடியைப் பார்த்து, காம்படியை நெம்பிப் பார்த்து, இது எது என்று மற்றவர்களுக்குக் காரணத்தோடு சொல்லட்டும். வயதில் மூத்தவர்களைக் கடைசியில் பேச விடுங்கள். முதலில் அவர்கள் சொல்லிவிட்டால் இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

முடிந்ததும் ஒவ்வொரு செடியிலும் ஒன்றைப் பழைய நோட்டில் ஒட்டி, ஊர்ப் பெயரையும் பறித்த இடத்தையும் எழுதி வையுங்கள். பருப்புக்கீரையும் சாரணையும் சீக்கிரம் காயாது, தாளுக்குள் வைத்தாலும் உயிரோடு இருந்து நோட்டை நனைத்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, துணியில் ஒற்றி, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அம்மிக்கல்லைத் தூக்கி வையுங்கள். தாளைத் தினமும் மாற்றினால் ஒரு வாரத்தில் ஒட்டும் பதம் வந்துவிடும்.